வெட்டி எடுத்த இருமல்

2008-ஆம் வருடம். மின்வெட்டு எல்லோரையும் படுத்தி எடுத்துக்கொண்டிருந்த சமயம். அப்போது நாங்கள் ஆரணியில், சேவூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி, நான்கு வயது மகள். பட்டுச் சேலையின் பார்டருக்கும் முந்தானைக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். மனைவி வீட்டில் இருந்தபடியே சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுவாள்.

எனக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. கிடார். சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற மாதிரி இல்லை. நைலான் தந்தி போட்டு, விரல் நகத்தாலேயே மீட்டுகிற மேற்கத்திய சாஸ்திரிய கிடார். வேலூர்க் கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பன் வெளிநாடு போகும்போது, தன் கிடாரையும் இரண்டு பாடப் புத்தகங்களையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். அதை வைத்துக்கொண்டு நானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். பத்து வருடம் வாசித்தும், நான் வாசிப்பது சரியா தப்பா என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்த ஒருவர் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார்.

அதனால்தான் இணையத்தில் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் போல வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் பல நாடுகளிலிருந்து தங்கள் வாசிப்பைப் பதிவு செய்து போடுவார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் குறை நிறை எழுதுவார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எல்லாம் புனைபெயர்தான். என் முதல் பதிவுக்கு ஒருவர், "கட்டை விரலை அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள்" என்று எழுதியிருந்தார். பத்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் திருத்தம் அது. அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பதிவு செய்வதுதான் பெரிய பாடு. எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிகள். கரண்டு இருந்தால் தறி ஓடும், மைக்கில் அந்தச் சத்தம் தவிர வேறெதுவும் ஏறாது. கரண்டு போனால் தெருவே அமைதியாகிவிடும். ஆனால் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். யுபிஎஸ் இருந்ததால் கரண்டு போன பிறகு பத்து நிமிடம் ஓடும். அந்தப் பத்து நிமிடம்தான் என் ஸ்டுடியோ. அதிலும் அந்த யுபிஎஸ் விடாமல் 'பீப் பீப்' என்று கத்தும். ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து அந்தச் சத்தத்தை எடுக்கச் சொன்னேன். "கத்தறத எடுத்துட்டா எப்ப அணையப் போவுதுன்னே தெரியாதுங்க, பரவால்லியா?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

மதியம் இரண்டு மணிக்குக் கரண்டு போகும். ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியும் இல்லாமல் வேர்த்து வழிய உட்கார்ந்து வாசிப்பேன். அந்தப் பத்து நிமிடம் வீட்டில் பாத்திரம் உருளக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது, யாரும் பேசக் கூடாது.

பொங்கல் முடிந்த சமயத்தில் மனைவிக்கு இருமல் தொடங்கியது. முதல் தடவை, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து இரண்டு முறை இருமினாள். நான் நிறுத்திவிட்டு முறைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. ஒருநாள், கஷ்டமான ஓர் இடத்தை முதல்முறையாகத் தப்பில்லாமல் கடந்து வந்தபோது, நடுவில் இருமல் விழுந்தது. எழுந்து போய், "பத்து நிமிஷம் அடக்க முடியாதா உன்னால?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து கரண்டு போனதுமே மகளை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட ஆரம்பித்தாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அதையும் மீறிக் காதில் விழுந்ததை வெட்டி எடுத்துவிடுவேன். கம்ப்யூட்டர் திரையில் சத்தமெல்லாம் கோடாகத் தெரியும். இருமல் மட்டும் தனியாக எழும்பி நிற்கும். மவுஸால் பிடித்து அழித்தால் போய்விடும். கிடார் சத்தத்தோடு சேர்ந்து விழுந்ததை மட்டும் எடுக்க முடியாது.

மூன்று மாதம் பழகிய ஒரு நீளமான உருப்படியை ஜூன் மாதம் பதிவு செய்தேன். பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையத்தின் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்க் குழுவில் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஐந்து பேர் பாராட்டியிருந்தார்கள். ஆறாவதாக ஒரு பெண்மணி எழுதியிருந்தார். எந்த நாடு என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு பறவையின் பெயரைப் புனைபெயராக வைத்திருந்தார்.

"இசையைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இருமுகிறவர் யார்? ஜனவரிப் பதிவிலேயே அவர் இருமினார். மார்ச்சிலும் இருமினார். இந்தப் பதிவில் நான்கு இடங்களில் அறையின் சத்தம் சட்டென்று அறுந்துபோகிறது. அங்கே எதை வெட்டினீர்கள்?" அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாத உழைப்பைப் போட்டால், இருமலைப் பற்றியா எழுதுவது? அங்கேயே உட்கார்ந்து பதில் அடித்தேன். "அது பட்டுத் தூசு. எங்கள் ஊரில் எல்லோருக்கும் இருப்பது. வாசிப்பைப் பற்றிச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்." நன்றாகக் கொடுத்தோம் என்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

அது முகூர்த்த சீசன், வேலை நெருக்கடி. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. போனபோது அவருடைய இரண்டாவது கடிதம் காத்திருந்தது.

"கோபப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். நான் பல வருடம் நுரையீரல் வார்டில் நர்ஸாக இருந்தவள். இருமுகிற சத்தத்தைவிட, இருமலை அடக்குகிற சத்தம்தான் எனக்குப் பயம். அவருக்கு மாலையில் காய்ச்சல் வருகிறதா? எடை குறைந்திருக்கிறதா? வெட்டாத பதிவுகள் உங்களிடம் இருந்தால், பழையதிலிருந்து வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். கிடாரை விட்டுவிடுங்கள். மற்றதைக் கேளுங்கள்."

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜனவரியிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். வெட்டாத பதிவுகள் எல்லாமே இருந்தன.

ஜனவரியில் இரண்டு இருமல். பிறகு மெல்லிய குரலில், "ஐயோ." என் முறைப்புக்குப் பயந்த குரல். பிப்ரவரியில் ஐந்து. மார்ச் மாதம், இருமல் வந்ததும் பின்கதவுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம், ஓடுகிற காலடி. ஏப்ரலில் தாழ்ப்பாள் சத்தம் நான் வாசிக்கத் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாம் தூரத்தில், வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு இருமுகிற சத்தம். எண்ண ஆரம்பித்தேன், எண்ணி முடிக்க முடியவில்லை. கடைசியாக அந்த ஜூன் பதிவு. கடைசி ஸ்வரத்தை மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த நொடிகளில் என் மகளின் குரல் கேட்டது.

"போதும்மா, உள்ள போலாம்."

"இரும்மா... அப்பா வாசிச்சிகினு இருக்காரு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற ஆள்தான். அன்றைக்குத்தான் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் கையால் பிடித்துத் தைத்திருந்தாள்.

"எத்தன நாளா இப்படி இருமிகினு இருக்க?"

"தூசுதாங்க. மெடிக்கல்ல டானிக் வாங்கிக் குடிச்சிகினுதான் இருக்கேன்."

"சாயங்காலத்துல ஜொரம் வருதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு யார் சொன்னது?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

கையிலிருந்த நூலை முறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு சொன்னாள்: "இருமினாலே மூஞ்சத் தூக்கி வச்சிக்கினீங்க. அப்புறம் எங்கேருந்து சொல்றது? அடக்கச் சொன்னீங்க, அடக்கினேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்குப் போனோம். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டார். "ரெண்டு வாரமாங்க" என்றாள் அவள்.

"இல்ல டாக்டர்" என்றேன். "ஜனவரியில இருந்து. மார்ச்ல அதிகமாச்சு. ஏப்ரல்ல இருந்து நிக்கவே இல்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்ளோ கரெக்டா கணக்கு வச்சிருக்கீங்க. அஞ்சு மாசத்துல கூட்டிகினு வர மட்டும் தோணலியா?"

"நான்தான் வரமாட்டேன்னு சொன்னேன் டாக்டர்" என்று மனைவி பொய் சொன்னாள்.

சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. காசநோய்தான். இடது நுரையீரலின் மேல்பகுதி பழுதாகியிருந்தது. எடை முப்பத்தேழு கிலோ. டாக்டர் அடுத்ததாக, "வீட்ல கொழந்த இருக்கா?" என்று கேட்டார். அதுவரை தைரியமாக நின்றவள் என் பக்கம் திரும்பி, "கொழந்தைய இப்பவே இட்டுகினு வாங்க" என்றாள். நான் 'நல்லதாகப் போயிற்று' என்று நினைத்த அந்த மதியங்களில் எல்லாம் குழந்தை அவள் மடியில் இருந்திருக்கிறாள். பரிசோதனை முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை. குழந்தைக்கு நோய் இல்லை. ஆனாலும் வராமல் தடுக்க ஆறு மாதம் மாத்திரை கொடுக்க வேண்டும் என்றார்கள். நான்தான் தினமும் பொடித்துச் சர்க்கரையில் கலந்து கொடுத்தேன். ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

மனைவிக்கும் ஆறு மாதம் சிகிச்சை. வாரத்துக்கு மூன்று நாள் நர்ஸ் கண் முன்னால் மாத்திரை போட வேண்டும். முதல் இரண்டு மாதம் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அக்கம்பக்கத்தில் தெரியக் கூடாது என்று தவித்தாள். "காமாலைன்னு சொல்லிக்கலாங்க" என்றாள். குஞ்சம் கட்டுவதை நிறுத்தச் சொன்னேன். சமையலை நான் எடுத்துக்கொண்டேன். கிடாரைத் தொடவில்லை. தொட்டால் அந்தத் தாழ்ப்பாள் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். முதலில் மன்னிப்பு, பிறகு நடந்தது எல்லாம். பதிலில் என் மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "குழந்தையைப் பரிசோதித்தீர்களா?" என்று மட்டும் கேட்டிருந்தார். பிறகு மாதம் தவறாமல் எடை எவ்வளவு ஏறியது என்று கேட்பார், நான் எழுதுவேன். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த மாதம், "இனி நான் இசையைப் பற்றிப் பேசலாமா? உங்கள் கட்டை விரல் இன்னும் அழுத்தத்தான் செய்கிறது" என்று எழுதினார். பிரவுசிங் சென்டரில் நாலு பேர் பார்க்க அழுதுவிட்டேன்.

சிகிச்சை முடிகிற சமயத்தில் மனைவியே கேட்டாள், "என்னாங்க, அத மூலையில போட்டீங்க, தொடவே மாட்டேன்றீங்க?" கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே அந்த நீளமான உருப்படியை வாசித்தேன். மைக் கிடையாது. அவள் சுவரில் சாய்ந்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதத்தில் விரல்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, நிறையத் தப்பு. வாசித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "இது இப்படித்தான் முடியுமா? நான் இத முழுசா கேட்டதே இல்லீங்க."

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். திருமலைக்குப் போனால் படியேறும்போது மட்டும் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். நானும் நின்றுவிடுவேன். அந்தக் குழு சில வருடங்களில் மூடப்பட்டுவிட்டது. அந்தப் பெண்மணியின் பெயரைக் கடைசிவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்றும் ஏதாவது வாசித்துப் பதிவு செய்து சிலருக்கு அனுப்புகிறேன், குறை சொல்கிறார்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து அறையில் ஐந்து மாதம் என் காதில் விழுந்தும் நான் கேட்காத ஒன்றை, எங்கோ கடல் கடந்து இருந்த ஒருவர் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்ததே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை. அது போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.