அம்மா அள்ளிய மணல்

பிள்ளைகளே, பள்ளிபாளையத்துக்காரர்களான எங்களுக்கு ஆறு தெரியும், கடல் தெரியாது. கடலோரக் கோயில் ஒன்றுக்குப் போயிருந்தபோது, தறி ஓட்டுகிற என் தம்பி கடலில் இறங்கினான். "காலுல நூல் சுத்திக்கிச்சுங்ண்ணா" என்று சிரித்துக்கொண்டே கையால் உருவினான். அது பெட்டி ஜெல்லி மீனின் விஷக்கை. உருவ உருவ விஷம் ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரி போவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

எங்கள் பக்கம் கெடுதல் செய்தவர்களை மண்ணள்ளித் தூற்றிச் சபிப்பார்கள். மறுநாள் அம்மா கடலைப் பார்த்துக் கை நிறைய மணலை அள்ளினாள். "அந்த மீனுக்குக் கண்ணு இல்லியா சாமி? எம்பையன் அத என்ன பண்ணுனான்?"

தம்பியைக் கரைக்குத் தூக்கி வந்த மீனவர் மெதுவாகச் சொன்னார்: "கண்ணு நெறைய இருக்கு ஆத்தா. நம்மள மாதிரி மூளைதான் இல்ல. தோலு பட்டாலே விஷ ஊசி தானாப் பாயும், அது செத்துக் கெடந்தாலும் பாயும். அதுக்கு ஒங்க மகன் மேல கோவமில்ல ஆத்தா."

"அப்பறம் நான் யாரத்தான் சாமி திட்டறது?"

மணல் அம்மாவின் விரலிடுக்கு வழியே கொட்டித் தீர்ந்தது.

கோபப்பட ஒருவர் இருந்தால் துக்கம் கொஞ்சம் குறையும் போலிருக்கிறது. எங்களுக்கு அப்படி யாரும் இல்லை.