தசரதன் சாரின் கற்பூரம்

தசரதனுக்கு விசில் ஊதத் தெரியும்; விசாரிக்கத் தெரியாது. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர். எண்பத்தாறாம் வருஷம், விடுதியில் கஞ்சாவும் தூக்க மாத்திரையும் புழங்குவது வெளியே தெரிந்ததும், "பசங்க உங்களுக்குத்தான்யா பயப்படறானுங்க" என்று முதல்வர் மாணவர் ஆலோசனையை அவர் தலையில் கட்டினார். பந்துகள் கிடக்கும் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி.

ஆலோசனைக்கு அவரிடம் ஒரே வழிதான் இருந்தது. ஜன்னலைத் திறந்து பையனை மலை பார்க்க நிற்க வைப்பார். கற்பூரம் ஏற்றுவார். "ம், அம்மா தலைமேல அடி சத்தியத்தை" என்பார். பையன் சுடரை உள்ளங்கையால் அடித்து அணைப்பான். அவ்வளவுதான். சத்தியம் பண்ணியவன் எவனும் திரும்ப அந்த அறைக்கு வந்ததில்லை. எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்றே நம்பினார்.

அன்று மத்தியானம் காசி மூச்சிரைக்க ஓடி வந்தான். மாத்திரையை விடுவதாகக் கற்பூரம் அடித்துப் போன சக்கரவர்த்தியோடு விடுதியில் ஒரே அறையில் இருப்பவன்.

"சார், சக்கரவர்த்தியைக் காணோம். அவங்கம்மாவுக்கு வாந்திபேதின்னு பெரியாஸ்பத்திரில சேத்துட்டாங்களாம். ஊர்லேர்ந்து ஆள் வந்து சொன்னாங்க. கேட்டவுடனே மாத்திரை அட்டையை எடுத்துக்கினு போய்ட்டான்."

"மாத்திரையா? அதான் உட்டுட்டானே!"

காசி தரையைப் பார்த்தான். "சத்தியம் பண்ண வாரமே உடைச்சிட்டான் சார். அம்மா சாவறது என்னாலதான்னு சொல்லிக்கினே போனான்."

தசரதன் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பையன் அங்கே வரவில்லை. அவன் அம்மா ஜோதியம்மாள் சலைன் ஏறும் கையைத் தூக்கி, "எம்புள்ளைக்குச் சொன்னீங்களா?" என்றாள். வராண்டா வரைக்கும் பாயில் ஆட்கள் கிடந்தார்கள். எல்லாம் அவள் தெருவாம், நர்ஸ் சொன்னாள்.

கிரிவலப் பாதையோரம் பையன்கள் ஒதுங்கும் குளம் ஒன்று உண்டு. போன மாதம் அங்கிருந்துதான் இரண்டு பேரைக் காதைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். வெயிலில் மிதித்தார். வழி முழுக்க மலை கூடவே வந்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

கடைசிப் படியில் சக்கரவர்த்தி உட்கார்ந்திருந்தான். மூடிய கைக்குள் அட்டை மினுங்கியது.

"கிட்ட வராதீங்க சார்."

கை தானாக விசிலுக்குப் போனது. விட்டுவிட்டு, நின்ற படியிலேயே உட்கார்ந்தார்.

"எத்தினி முழுங்கின?"

"இன்னும் இல்ல."

"அம்மா உன்னைக் கேக்குதுடா."

"நான் போனா செத்துடும். மலையைப் பாத்து அடிச்சேன் சார்."

"உங்க தெருவே அங்கதான்டா படுத்திருக்கு. குடிக்கிற தண்ணி கெட்டுப்போச்சாம். அத்தினி வீட்டுப் புள்ளைங்களும் எங்கிட்ட வந்து கற்பூரம் அடிச்சானுங்களா?"

பையன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகம் கோணியது.

"உடைச்சப்பவே வந்து சொல்றதுக்கென்னடா?"

"சத்தியத்தை உடைச்சவன் எந்த மூஞ்சியோட சார் வருவான்?"

திரும்பி வராத பையன்கள் ஒவ்வொருவராகத் தசரதன் நினைவில் வந்து நின்றார்கள். கதவைச் சாத்தியது யார் என்று இப்போதுதான் புரிந்தது. கையை நீட்டினார். நீட்டிய கை வலித்தது, மடக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அட்டை அதில் விழுந்தது.

கேரியரில் ஏறப்போனவன் தயங்கினான். "நாளைக்கே மறுபடியும் போட்டாலும் போடுவேன் சார்."

"போட்டா, போட்டேன்னு வந்து சொல்லு."

"கற்பூரம்?"

"அது சாமிக்கு ஏத்தறது. ஏறுடா, உங்கம்மா காத்துக்கினு இருக்கு."