முந்நூற்று ஏழு டிகிரி

எங்கள் பேக்கரியில் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் ஓவன் அக்கா. இருபத்திரண்டு வருடமாகக் கேக் சுடுகிறார். சொந்தத் தங்கையின் பிறந்தநாளை மறந்துவிடுவார். கேக்குக்கு 325 பாரன்ஹீட் என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. நான் பக்கத்து மேசையில் அட்டைப்பெட்டி மடிப்பவள். என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் அவர்தான், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

போன மாதம் பழைய ஓவனை ரொட்டிக்கு ஒதுக்கிவிட்டு, கேக்குக்குப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். அதில் எல்லாமே செல்சியஸ். மாற்றும் வழி ஓவனோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது: (பாரன்ஹீட் − 32) × 5 ÷ 9. அக்கா தன் செல்போனில் 325 − 32 × 5 ÷ 9 என்று வரிசையாகத் தட்டினார். அடைப்புக்குறியை ஏதோ அழகுக்குப் போட்டது என்று விட்டுவிட்டார். 307 என்று வந்தது. பழகாத அளவு, சந்தேகம் எங்கிருந்து வரும்? அப்படியே வைத்தார்.

கேக் மேலே கரி, உள்ளே கூழ். நான்கு தட்டும் குப்பைக்குப் போயின. மறுநாளும் அதே கதை. மெக்கானிக் வந்தார், 200-இல் வைத்துத் தன் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தார், ஓவனில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவுக்கு வயதாகிறது, நாளையிலிருந்து பெட்டி மடிக்கட்டும், கேக்குக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றார் முதலாளி. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு பெட்டியை மூன்று தரம் தப்பாக மடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல சமையல்ல அளவு தப்புச்சு. அப்புறம் எங்க பேரே மறந்துபோச்சு. எனக்கும் புத்தி தடுமாறுது போல."

பேச்சை மாற்ற, பெட்டிகளை எண்ணிக் கூட்டச் சொல்லி என் மேசைக் கால்குலேட்டரை அவர் பக்கம் தள்ளினேன். அவரா கேட்பார்? மனது முழுக்க ஓவன். அதே கணக்கை அதே வரிசையில் தட்டினார். 163 என்று வந்தது. முகம் இன்னும் வெளுத்துவிட்டது. பார், நேற்றுப் போட்ட கணக்கையே இன்று சரியாகப் போட முடியவில்லை என்றார்.

நான் தட்டினேன், 163. அவர் செல்போனில் தட்டினேன், 307. என் புத்தி தடுமாறவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆக, இரண்டில் ஒன்று நம் காதில் பூச்சுற்றுகிறது. எது?

அக்காதான் வழி கண்டுபிடித்தார். தண்ணீர் 212-இல் கொதிக்கும், செல்சியஸில் அது 100 என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. 212-ஐப் போட்டுப் பார்த்தார். மேசைக் கால்குலேட்டர் 100 என்றது. செல்போன் 194 என்றது.

பெட்டி அட்டையின் பின்னால் பேனாவால் போட்டோம். 32-ஐ 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18. அதை 325-இல் கழித்தால் 307. குட்டு உடைந்தது. பள்ளியில் நான் காது திருகு வாங்கிப் படித்த பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது: பெருக்கலும் வகுத்தலும் முதலில், கூட்டலும் கழித்தலும் பிறகு, அடைப்புக்குறி இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான். செல்போன் அந்த விதிப்படி நடந்திருக்கிறது. என் மேசைக் கால்குலேட்டருக்கு அதெல்லாம் தெரியாது, தட்டத் தட்டப் போட்டுக்கொண்டே போகும்.

"நான் கழிச்சுட்டுப் பெருக்கச் சொன்னேன்னு நினைச்சேன். அது பெருக்கிட்டுக் கழிச்சிருக்கு," என்றார் அக்கா.

யாரையும் கேட்காமல் 163-இல் ஒரு தட்டை உள்ளே தள்ளினார். முப்பத்தைந்து நிமிடம் கதவுக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. வெளியே எடுத்துக் குச்சியால் குத்தினார். குச்சியில் மாவு ஒட்டவில்லை. மேலே நல்ல பொன்னிறம். முதலாளி எட்டிப் பார்த்து, ஒரு துண்டு பிட்டுத் தின்றுவிட்டு, வேறு ஆள் பேச்சை எடுக்காமல் நழுவினார். என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அக்கா அவரைக் கவனிக்கவே இல்லை. தங்கைக்கு போன் போட்டார். முதலில் அழுகைதான் வந்தது. அந்தப் பக்கம் அவள் பயந்துபோய் என்ன என்ன என்று கேட்பது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்லடி," என்றார். "நான் நல்லா இருக்கேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."