பத்தாவது வீட்டுக்காரர்கள்

கேள்வி கேட்டுப் பிழைக்கிற தொழிலில் முதலில் தெரிந்துகொள்வது இதுதான்: ஜனங்களிடம் பதில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, கேள்வியை மட்டும்தான் நாம் கொண்டுபோகிறோம். கக்கத்தில் கேள்வி அச்சடித்த பாரமும் காதில் பென்சிலுமாக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பினால் போதும்.

யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, மதுரையில் ஒரு காலேஜில் மனோதத்துவப் புரொபசருக்கு உதவியாளனாக இருந்தேன். காபி குடித்தால் ஞாபகசக்தி கூடுகிறதா என்பது அவருடைய ஆராய்ச்சி. தெருவின் கிழக்கு முனையிலிருந்து எண்ணிக்கொண்டு போய்ப் பத்தாவது வீட்டில் நிற்க வேண்டும். அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவர்தான் நமக்கு. டப்பாவிலிருந்து அவரை ஒரு சீட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். சிவப்புப் பொட்டு வைத்த சீட்டு என்றால் காபி. வெறும் வெள்ளை என்றால் வறுத்த மல்லியில் போட்ட கஷாயம். நிறம் ஒன்றுபோல இருக்கும், எது எந்தச் சீட்டுக்கு என்று அவரிடம் சொல்லக்கூடாது. குடித்து அரைமணி ஆனதும் பதினைந்து வார்த்தைகளை வாசித்துக் காட்டி, எத்தனை திரும்பச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலை ஒரு வருஷத்துக்குத்தான். ஆராய்ச்சி தேறினால் நிரந்தரம் ஆக்கச் சொல்லுவதாகப் புரொபசர் சொல்லியிருந்தார். நிரந்தரம் ஆனால் மகள் மரகதத்தைத் தருவதாக என் தாய்மாமா சொல்லியிருந்தார். ஆக, மதுரை ஜில்லா ஜனங்களின் ஞாபகசக்தியைப் பற்றி அன்றைக்கு என்னை விடக் கவலைப்பட்டவன் யாரும் இல்லை.

ஒன்பதாவது வீடு

பத்தாவது வீட்டுக்குப் போவது சிரமமில்லை. ஒன்பதாவது வீட்டைத் தாண்டிப் போவதுதான் சிரமம். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவன்கூட ஒரு வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் தலைமுறைக்குப் பகை. முதல் நாளே ஒரு அம்மாள் வாசலில் மறித்துக்கொண்டாள். "பத்து வீட்டுக்கு ஒரு வீட்டுலதான் மூளை இருக்குன்னு உங்க காலேஜ்ல சொல்லிட்டாகளாக்கும்?" நாமாகப் பார்த்துப் பொறுக்கினால் தெரிந்த முகமாகவும் சிரித்த முகமாகவும் பொறுக்கிவிடுவோம், அதனால்தான் எண்ணிப் போகிறோம் என்று விளக்கினேன். தன் முகத்தில் சிரிப்பு இல்லை என்கிறேனா என்று கேட்டாள்.

அதிலிருந்து கோபித்துக்கொள்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு கட்டுப் பாரம் வைத்துக்கொண்டேன். அதை மரியாதையாகப் பூர்த்தி செய்து, மரியாதையாக வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போடுவேன். பத்தாவது வீட்டை முடித்துத் திரும்பும்போது அந்த அம்மாளையும் உட்காரவைத்துப் பதினைந்து வார்த்தை வாசித்தேன். ஒன்பது சொன்னாள். கிளம்பும்போது பக்கத்து வீட்டம்மா எத்தனை சொன்னாள் என்று கேட்டாள். சொல்லக்கூடாது அம்மா, ரகசியம் என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"எத்தனைன்னு வேணாம் தம்பி. என்னை விடக் கம்மி, அம்புட்டு மட்டும் சொல்லு."

பதினைந்துக்குப் பதினைந்து

டவுனில் அத்தர்க் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் பத்தாவது வீட்டில் அகப்பட்டார். வாசித்த வரிசையிலேயே பதினைந்தையும் சொல்லிவிட்டு, "திருப்பிக் கடைசியிலேர்ந்து சொல்லவா?" என்றார். சிறு வயதில் குர்ஆன் முழுவதும் மனப்பாடம் செய்தவராம். நான் சந்தோஷமாகப் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரொபசர் சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எல்லோரும் ஆறு ஏழு சொல்லும்போது ஒருவர் மட்டும் பதினைந்து சொன்னால் அவர் மொத்தச் சராசரியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். ரொம்ப மேலே இருக்கிறவர்களையும் ரொம்பக் கீழே இருக்கிறவர்களையும் நீக்கிவிடவேண்டும் என்றார்.

ஒரு வாரம் கழித்து வழியில் பார்த்த ராவுத்தர், தன் பாரம் என்ன ஆயிற்று என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா தம்பி? ரெண்டு மூணு மறந்திருப்பேனே."

வெள்ளைச் சீட்டு

சிவப்பும் வெள்ளையுமாகச் சீட்டுத் தயாரித்தபோது புரொபசருக்கு ஒன்று தோன்றவில்லை. அவர் படித்தது வெளியூரில். கோவிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, எது கைக்கு வருகிறதோ அது சாமி சொன்ன உத்தரவு என்று எடுத்துக்கொள்கிற ஊர் நம்முடையது. அழகர்கோவில் அடிவாரத்தில் தேங்காய்க் கடைக்காரர் ஒருவர் என் டப்பாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு எடுத்தார். வெள்ளை. மல்லிக் கஷாயத்தைத் தீர்த்தம்போல் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். ஆறு வார்த்தை சொன்னார். எனக்கு அது போதும், வந்துவிட்டேன்.

அடுத்த தடவை போனபோது அவர் மனைவி ஓடிவந்தாள். மனுஷன் ஒரு நாளைக்கு ஏழு தரம் காபி குடிக்கிறவராம். வெள்ளை வந்தால் விட்டுவிடுகிறேன் என்று அன்றைக்கு மனசுக்குள் அழகரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். அதோடு தொடவே இல்லையாம். அம்மா, இது சாமி காரியம் இல்லை, வெறும் ஆராய்ச்சி என்றேன். அவள் காதில் அது ஏறவில்லை.

"வந்ததுதான் வந்தீக, மூக்குப்பொடிக்கும் ஒரு சீட்டுப் போட்டுட்டுப் போயிருங்க தம்பி."

ஊரே சொன்ன பதில்

ஒருவரைத் தனியாக வைத்துத்தான் கேட்கவேண்டும் என்பது விதி. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவரைத் தனியாகப் பிடிக்க மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் முப்பது பேர் கூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வாசித்தேன். பெரியவர் "கிணறு" என்று ஆரம்பித்தார். மரத்தடியிலிருந்து ஒருவன் "ஆணி" என்றான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவன் "சங்கு, சங்கை விட்டுட்டீக" என்றான். பதினைந்தும் வந்து சேர்ந்தன. பெரியவர் வெற்றி பெற்றவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இது செல்லாது, இவர் ஒருத்தராக யோசித்துச் சொல்லவேண்டும் என்றேன்.  மாட்டுக்காரன் வாளியைக் கீழே வைத்தான்.

"தனியா உக்காந்து யோசிக்கிறதுக்கு எங்க சித்தப்பு என்ன கொலையா பண்ணிட்டாரு?"

மழைக்காரன்

பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் காபியைக் குடித்தவர்கள் துப்பினார்கள். மல்லிக் கஷாயத்தைக் குடித்தவர்கள் இன்னொரு தம்ளர் கேட்டார்கள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன். அன்று சாயங்காலம் அங்கே மழை கொட்டியதாம். எட்டு மாதமாகக் காய்ந்து கிடந்த பூமி. மறு மாதம் அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் காலேஜுக்கே வந்துவிட்டார்கள், கேள்விக்காரத் தம்பியை அனுப்பி வையுங்கள் என்று.

எனக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை என்பதைப் படித்தவன் முறையில் நிரூபிக்கப் பார்த்தேன். "அண்ணே, நான் வராத பக்கத்து ஊர்லயும் அன்னைக்கு மழை பெஞ்சுதா இல்லையா?" என்றேன். பெய்தது என்று ஒப்புக்கொண்டார்கள். "அப்புறம்?" என்றேன்.  மூத்தவர் பொறுமையாகச் சொன்னார்:

"உங்க பஸ்ஸு அந்த ஊரு வழியாத்தானே தம்பி போச்சு?"

நாலெல்லை

மதுரையில் கடைசித் தெரு. எண்ணிக்கொண்டே வந்தேன், பத்தாவது வீடு மாமாவுடையது. மேற்கு முனையிலிருந்து எண்ணினால் வேறு வீடு வரும். கொஞ்ச நேரம் தெருவில் நின்றேன். பிறகு கதவைத் தட்டினேன்.

மாமா பத்திர ஆபீஸில் நாற்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் புஞ்சைக்கும் வடக்கே யார், தெற்கே யார் என்று காகிதம் பார்க்காமல் சொல்லுவார் என்று பெயர். எல்லைத் தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் ஜனங்கள் அவரிடம்தான் வருவார்கள். அன்றும் இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். மாமா சீட்டு எடுத்தார், வெள்ளை. குடித்தார். உள்ளே மரகதத்தின் வளையல் சத்தம் கேட்டது. அரைமணி கழித்து நான் வாசித்தேன். "கிணறு... ஆணி..." என்று தொடங்கிக் கூரையைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து "துணி" என்றார். அவ்வளவுதான்.

"இந்தக் கஷாயத்தைக் குடிச்சா எவனுக்குடா ஞாபகம் வரும்? மரகதம், காபி கொண்டா" என்றார். முதல் தடவைதான் கணக்கு மாமா என்று சொன்னேன், கேட்கவில்லை. காபி வந்தது, குடித்தார், திரும்ப வாசித்தேன். இந்தத் தடவை இரண்டு. ஒன்று கிணறு. மற்றது "பிச்சை மூப்பன் புஞ்சை." அது என் தாளில் இல்லை. மாமாவுக்கும் அது தெரிந்துவிட்டது. தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், காத்திருந்தவர்களுக்கு அவர்கள் நிலத்தின் நாலெல்லையையும் உரத்த குரலில் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது சரிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே வந்தார்.

"மூணுன்னா எழுதப்போறே?"

"ஆமா மாமா."

"பேரு எழுதணுமா?"

"நம்பர் மட்டும்தான்."

"அந்த நம்பரு யாருன்னு உனக்குத் தெரியுமே, மாப்ள."

நீக்கப்பட்டவர்

புரொபசர் அந்த மூன்றைப் பார்த்தார். ரொம்பக் கீழே என்று சொல்லிச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். ராவுத்தரும் மாமாவும் நீக்கிய தாள்களின் கட்டுக்குள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், காபி குடித்தவர்களுக்கும் மல்லிக் கஷாயம் குடித்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான் என்று புரொபசர் நிர்வாகத்திடம் வாதாடினார். வித்தியாசம் இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு ஆள் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். அந்த ஆள் நான்.

வேலை போன செய்தியோடு மாமா வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பேச்சும் அன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மனசு ஆறுமே என்று முதலில், "உங்க தாளை அடிச்சுட்டாக மாமா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. உடனே சுருங்கியது. "அப்ப, காபியைத் துப்புனவன்லாம் கணக்குல இருக்கான். நான் இல்லையாக்கும்?" என்றார். வேலையைப் பற்றிச் சொன்னேன். அதைக் காதில் வாங்கினமாதிரியே தெரியவில்லை. அந்த மூன்று யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். எனக்கு மட்டும்தான் என்றேன். மூன்று மாதமாக யாரிடமும் சொல்லவில்லையா என்றார். இல்லை என்றேன்.  பிறகு உள்பக்கம் திரும்பி அத்தையைக் கூப்பிட்டார்.

"தை மாசத்துல ஒரு நாள் பாருடி. வெளியாளா இருந்தா என்னைக்காச்சும் வாயைத் திறந்துருவான். மாப்பிள்ளைன்னா மூடிக்கிட்டுத்தானே ஆகணும்."

கேட்கப்படாதவள்

மாமா காலமாகிப் பல வருஷம் ஆயிற்று, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும், பழைய பாரம் ஒன்றை நான் புரட்டிக்கொண்டிருந்தபோது மரகதம் அடுப்படியிலிருந்தே கிணறு, ஆணி, துணி, சங்கு என்று பதினைந்தையும் வரிசை மாறாமல் சொன்னாள். திகைத்துப்போய், இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வீட்டுல மூத்தவுகளைத்தானே கேட்டீக. என்னை யாரு கேட்டா?"

காபிக்கும் மல்லிக் கஷாயத்துக்கும் வித்தியாசம் இல்லை என்று ஒரு வருஷம் அலைந்து நிரூபித்தவன் நான், ஆனாலும் அதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குக் கிடைப்பது மல்லிக் கஷாயம்தான்.