தண்ணீர்ப் பங்கு உள்ளவர் எல்லாம் ஊரார்

லண்டன் அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. பழைய எண்ணெய் வாசமும் அதை மறைக்க அடித்த சென்டும் கலந்து வீசும். உள்ளே இருந்தவர் வக்கீல் இல்லை. அகதிக் கேஸ்காரரைப் பிடித்து வக்கீலிடம் கொடுப்பவர். எங்களுடைய யாழ்ப்பாணத்து ஆள்தான், அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அந்த நம்பிக்கையில்தான் என் பக்கத்து அறைக்காரனை அங்கே கூட்டிப்போனேன்.

அவன் ஈரானில் ஒரு மலைக்கிராமத்தான், பாரசீகம் பேசுகிறவன். எங்கள் இருவருடைய இங்கிலிஷும் நொண்டி. ஒன்றின் தோளை ஒன்று பிடித்து நடக்கும். ஊரில் முந்நூறு பேர் என்று அவன் விசாரணையில் சொல்லியிருந்தான். அந்த நாட்டுக் குடிக்கணக்குப் பதிவில் இருந்ததோ முப்பது. ஊர் அளவே தெரியாதவன் அந்த ஊர்க்காரன் இல்லை என்று கேஸைத் தள்ளிவிட்டார்கள். அப்பீலிலும் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஊர் எங்கே என்று காட்ட அவன் ஒரு படம் கீறி வந்திருந்தான். தார் ரோடு முடியும் இடம், வற்றிய ஆறு, வாதுமை மரங்கள், மலைக்குப் பின்னால் வீடுகள். அண்ணை தான் கடித்த மட்டன் ரோலை அந்தப் படத்தின் மேலேயே வைத்தார். எண்ணெய் மலையில் ஏறி வீடுகளுக்குள் இறங்கியது.

"முப்பதை முந்நூறாக்கியிருக்கிறான். புளுகிறதுக்கும் ஒரு அளவு வேணும் தம்பி." சிரித்தபோது வாயிலிருந்து ஒரு துணுக்கு மேசையில் விழுந்தது.

நான் அதை இங்கிலிஷில் சொல்ல, அவன் பொறுமையாக விளக்கினான். வசந்தத்தில் புதுவருசத்துக்கு முன்னால் கால்வாய் தூர்வார வேண்டும். பட்டணம் போய்விட்ட வீட்டாரும் வரவேண்டும், அல்லது கூலிக்காவது ஓர் ஆளை விடவேண்டும். அப்படிச் செய்தால் அந்த வீட்டின் தண்ணீர்ப் பங்கு கைவிட்டுப் போகாது. பங்கு உள்ளவர் எல்லாம் ஊரார். "எங்கே இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. உன் தண்ணீர் எந்த நாள் என்றுதான் கேட்பார்கள்" என்றான். அந்தப் பேச்சை எனக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவு பிடித்துப்போனது.

அண்ணை பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். "இந்தக் கதை வேண்டாம். முப்பது எண்டு மாத்திச் சொல்லச் சொல்லும். முதல் சொன்னது மொழிபெயர்த்த மனுசியின்ர பிழை எண்டுவம்."

அதை நான் அவனுக்குச் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. "அந்த அம்மா சரியாகத்தானே சொன்னார்? பட்டணத்தில் இருக்கும் என் அண்ணன்மாரை நான் ஊரை விட்டுத் தள்ளுவதா?"

சுவரில் அண்ணையின் ஊர்ச்சங்க ஒன்றுகூடல் படம் தொங்கியது. "அண்ணை, உங்கட ஊரில எத்தினை பேர்?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரம் குடும்பம்! லண்டனில மட்டும் அறுநூறு."

"ஊரில?"

"அங்க ஆர் இருக்கினம்? நாலு கிழடுகளும் கோயில் ஐயரும்."

"அப்ப நீங்களும் புளுகோ?"

"அது வேற தம்பி. எங்கட ஊரை நாங்கள் விட்டுக்குடுக்கேலுமோ? இவன்ர காட்டுக்கிராமம் ஆருக்குத் தெரியும்?"

எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு காசு வாங்காத ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். அங்கே இருப்பவர் முப்பது, பங்கு உள்ளவர் முந்நூறு என்று அவன் அப்பீலில் சொன்னான். எந்த வீட்டுக்கு எந்த நாள் தண்ணீர் என்று நீதிபதி கேட்கக் கேட்க, மூச்சுவிடாமல் சொன்னானாம். நம்பினார்கள். இருக்கவும் விட்டார்கள்.

போன மாதம் மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில், புதிதாக வந்த ஒருவரிடம் அண்ணை பேசிக்கொண்டு நின்றார். "ஈரான்காரன் ஒருத்தன்ர கேஸ். ஊரே இல்லை எண்டவங்கள். நான்தான் வெண்டு குடுத்தனான். இந்தா, இவரைக் கேளும்."

"நீங்கள் அவனைப் பொய் சொல்லச் சொன்னனீங்கள் அண்ணை" என்றேன், அந்த மனிதருக்கும் கேட்கும்படி.

அண்ணை என் முதுகில் தட்டிச் சிரித்தார். "பாத்தீரே, பகிடிக்காரன்!"

அந்த மனிதரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அண்ணையின் போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.