பழைய நேரத்தில் நின்ற கைமணிக்கூடு

வெள்ளவத்தையில் காலி வீதியோரம், ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இருந்த பயண முகவர் நிலையத்தில் சவுந்தரநாயகம் டிக்கெற் எழுதினார். ஒவ்வொரு டிக்கெற் உறையின் மூலையிலும் பென்சிலால் இரண்டு எண்கள் குறிப்பார்: தூரம், பறக்கும் நேரம். கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம். யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் ஒருமுறையும் விமானத்தில் ஏறியதுமில்லை. ஆனாலும் உறையை நீட்டும்போது அவர் கண்கள் மேகங்களுக்கு மேலே எங்கோ இருக்கும்.

ஐந்து வருடம் நாடு நாடாக அலைந்துவிட்டு நான் கொழும்புக்குத் திரும்பியது தொண்ணூற்றேழில். வீட்டில் கால் தரிக்கவில்லை. சவுந்தரநாயகத்தின் முகவர் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து சுவரிலிருந்த உலகப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பிள்ளை இன்னும் தரையிறங்கேல்லை," என்று சிரிப்பார்.

அவருடைய மனைவி நேசம் யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. போரால் பாதை மூடியிருந்தது. இருவரும் பார்த்து இரண்டு வருடம்.

"அங்க பலாலி விமான நிலையத்திலயிருந்து இங்க இரத்மலானை விமான நிலையம் முந்நூற்று முப்பது கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம்," என்பார். "அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அனுமதி எடுக்க நாலு மாசம்."

முந்தின வருடம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை மாற்றியிருந்தது. புது நேரம் பழையதைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. நேசம் தன் வீட்டு மணிக்கூட்டை மாற்றவில்லை. அதனால் சவுந்தரநாயகமும் வேலைக்குச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, கைமணிக்கூட்டைப் பழைய நேரத்திலேயே விட்டிருந்தார்.

"இப்ப அங்க பள்ளிக்கூடம் விடுது," என்று கையைப் பார்த்துச் சொல்வார். நேசம் சைக்கிளில் ஏறுவது அவர் முகத்தில் தெரியும்.

கடைசியில் நேசத்துக்குக் கொழும்பு வர அனுமதி கிடைத்தது. 'எனக்குக் கொழும்பென்றால் பயம். சிங்களமும் தெரியாது,' என்று நேசம் எழுதியிருந்தார். 'நீங்கள் வந்து நிற்காவிட்டால் அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.' இரத்மலானையிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் பஸ் முகவர் நிலைய வாசலுக்குப் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க வரும். வடக்கே போகிறவர்களை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டே காலுக்கு விமான நிலையத்துக்குத் திரும்பும்.

நேசம் வரும் நாளன்று அவர் லீவு. பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஒரு பெண் மட்டும் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார்.

"நேசமக்காவோ? இறங்குங்கோ, அவர் இப்ப வந்திடுவார்," என்றேன்.

"பிந்துற ஆளில்லை, பிள்ளை. ஏதோ நடந்திட்டுது. நான் போறன்."

புதுப் பயணிகள் ஏறினார்கள். பன்னிரண்டே காலுக்குச் சாரதி எஞ்சினை இயக்கினார்.

அப்போதுதான் கடற்கரைப் பக்கமிருந்து சவுந்தரநாயகம் வந்தார். புதுச் சட்டை, கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிகை. கனவில் நடப்பதுபோல் அவசரமில்லாத நடை. பஸ்ஸைக் கண்டதும் திகைத்து நின்றார்.

"இஞ்சாருங்கோ! உங்கட கையில எத்தினை மணி?" நேசத்தின் தலை ஜன்னலுக்கு வெளியே நீண்டது.

"பன்னிரண்டுக்குப் பதினைஞ்சு இருக்கு. நீ வர இன்னும் அஞ்சு நிமிஷம்..." சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது.

"கடவுளே! நான் உங்களுக்கெண்டு காலமைதான் என்ர மணிக்கூட்டைப் புது நேரத்துக்கு மாத்திப்போட்டு வந்தனான். உலகத்துக்கெல்லாம் நேரம் எழுதிக் குடுக்கிற மனுசன்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் மல்லிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணிக்கூட்டின் திருகைப் பிடித்தார்.

"விடுங்கோ, தொடாதேங்கோ," என்றார் நேசம். பையைத் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தார். "அப்ப உங்கட மணிக்கூட்டில நான் அஞ்சு நிமிஷம் முந்தியெல்லே வந்திட்டன்."