தாய்லாந்து வேலைக்குப் போகாமல் காக்கப்பட்டேன்

சகோதர சகோதரிகளே, நான் வேலையை இழந்த நாட்களில் என்னை விழுங்க வந்தது பசி அல்ல. அது நல்ல சட்டை போட்டுக்கொண்டு, மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில், பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் ஓர் ஆலையில் நான் நிர்வாக அலுவலராக இருந்தேன். வருகைப் பதிவு, பி.எஃப்., லைசென்ஸ் எல்லாம் என் பொறுப்பு. போன வருஷம் மழைக்கு முன்னால் சூளையை அணைத்தார்கள். மறுபடி பற்றவைக்கவே இல்லை.

ஏறி இறங்காத வாசல் இல்லை. பெண்ணாடத்தில் ஓர் ஆலையில், அலுவலக வேலை முழுக்கச் சென்னைக்கே போய்விட்டது என்றார்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வயசு ஆள்தான் வேண்டுமாம். கடலூரில் ஒரு மருத்துவமனை மேனேஜர் கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டி, "உங்க வேலைய இதுவே பாத்துக்குது சார்" என்று சிரித்தார். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆண்டவரே, என்னை மறந்துவிட்டீரா என்று கேட்டேன்.

அப்போதுதான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்ட் போன் செய்தான். எங்கள் ஆலையில் ஸ்டோர் பார்த்த குமாரை முன்பே தாய்லாந்துக்கு அனுப்பியவன். வேப்பூர் ஹைவே ஓட்டலில் சந்தித்தோம். "அட்மின் ஆபீசர் போஸ்ட் சார்" என்றான். நான் செய்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைப்பிங் வேகமாக வருமா என்று கேட்டான். வீட்டில் யார் யார் என்று கேட்டான். டூரிஸ்ட் விசாவில் போய்விடலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். இதில் ஏதோ சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டிய நாள் காலையில், என் மனைவி கிரேஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க, எனக்கு மனசு சரியில்ல. ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

இரண்டு பேரும் முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, இது உமக்குச் சித்தமில்லை என்றால் என்னைத் தடுத்து நிறுத்தும்" என்று கேட்டேன். எழுந்திருக்கவில்லை, கதவு தட்டும் சத்தம். குமாரின் மனைவி கலா நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, இப்பதான் அவரு போன் பண்ணாரு. பக்கத்துல யாரோ இருக்காங்க, மூச்சு சத்தம் கேக்குது. நீங்களும் அங்கதான் வரீங்கன்னு சொன்னேன். அதுக்கு, 'அம்மா இருக்கற எடத்துக்கு சார் வரவேணாம்னு சொல்லு'ன்னாரு. உடனே கட்டாயிடுச்சி."

"அவங்க அம்மா எங்க இருக்காங்க?" என்றாள் கிரேஸி.

"அத்தை போன வருஷமே செத்துட்டாங்க அக்கா. மணிமுத்தாறு சுடுகாட்டுலதான் எரிச்சோம்."

பாஸ்போர்ட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வரவில்லை என்று ஏஜென்ட்டிடம் போனில் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "உங்க பொண்ணு எந்த ஸ்கூலுக்கு எந்த பஸ்ல போவுதுன்னு தெரியும் சார். வாய மூடிக்கிட்டு இருங்க" என்றான். குரலில் அதே மரியாதை.

மகளைச் சிதம்பரத்தில் மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, கலாவோடு போலீசுக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ், தூதரகம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் மனு எழுதினேன். கலா கோயிலில் வேண்டினாள், நாங்கள் சபையோடு உபவாசம் இருந்தோம். மாதங்கள் போயின. ஒருநாள், அங்கே அடைபட்டிருந்த பலரோடு குமாரும் மீட்கப்பட்டு வந்து சேர்ந்தான்.

அங்கே கம்பி வேலிக்குள் அடைத்துவைத்து, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஊர் ஊராக ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையாம். மறுத்தால் உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவார்களாம். இப்போதும் போன் அடித்தால் அவன் அறையை விட்டு ஓடிவிடுகிறான். ஒருநாள் மட்டும் சொன்னான்: "என் பக்கத்துக் கட்டில உங்களுக்குன்னு காலி பண்ணி வெச்சிருந்தாங்க சார்."

இன்று பேட்டையில் மிச்சமிருக்கும் சின்ன ஆலைகளுக்கு லைசென்ஸ், பி.எஃப். வேலை பார்த்துக் கொடுக்கிறேன். பழைய சம்பளம் இல்லை. ஆனால் சாயங்காலம் என் வீட்டில், என் மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒவ்வொரு கவளத்துக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஏஜென்ட் இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் வேறு பெயரில், அதே வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளைகள் யாராவது பார்த்திருப்பார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். சேர்ந்து முழங்கால் போடுவோம். என்னைத் தடுத்தவர் அவர்களையும் தடுப்பார்.